பாண்டி, கடலூர் பக்கம் மனை, வீடு விற்றுத் தருபவர் இணையத்தில் பெயர் எடுப்பது எப்படி

உங்கள் நம்பர் ஒருவர் கைக்குப் போனால் அவர் உடனே அழைப்பதில்லை. பெயரைக் கூகுளில் போட்டுப் பார்க்கிறார். ட்ரூகாலரில் என்ன வருகிறது என்று பார்க்கிறார். யூடியூபில் முகம் தெரிகிறதா, பேஸ்புக்கில் இவரைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறார். நெய்வேலியில் ஓய்வு பெறப் போகும் என்எல்சி ஊழியரானாலும், ஜிப்மரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியரானாலும், பாரிஸில் குடியேறிய புதுவைக் குடும்பமானாலும் பயம் ஒன்றுதான்: பத்திரம் சரியாக இருக்குமா, காட்டுவது ஒன்று கிரயம் ஆவது ஒன்று என்று ஆகிவிடுமா?

அந்தப் பயத்துக்குப் பதில் சொல்பவர் பக்கம்தான் அழைப்பு வரும். வாங்குபவர் தானே சரிபார்த்துக்கொள்ளக் கூடிய தகவலை, அவர் கேட்பதற்கு முன்பே, உங்கள் முகத்தோடும் பெயரோடும் போட்டு வைக்க வேண்டும். லோகோவும் விசிட்டிங் கார்டு வண்ணமும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதிவு எண் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற திட்டத்தில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்றுத் தரும் ஏஜென்ட் ரெராவில் (அந்தச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்கும் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் போகலாம்.

நம் பக்கத்தில் பலர் தவறவிடுவது இதை: பதிவு அந்தந்த மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் தனித்தனி. தமிழ்நாடு ரெரா எண் வைத்துக்கொண்டு கிருமாம்பாக்கத்து லேஅவுட்டை விற்க முடியாது. அதற்குப் புதுச்சேரி ரெராவில் பதிவு வேண்டும். இரண்டு பக்கமும் தொழில் செய்பவர் இரண்டு எண்ணும் வாங்கி, இரண்டையும் எல்லாப் பக்கங்களிலும் எழுத வேண்டும். ‘தமிழ்நாடு ரெரா ஏஜென்ட் எண் இது, புதுச்சேரி ரெரா ஏஜென்ட் எண் இது’ என்று இரண்டு வரி போதும். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் போடுபவர்கள் இங்கே மிகக் குறைவு. உங்களை வேறுபடுத்திக் காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

லேஅவுட் விளம்பரத்துக்கும் இதே கண்டிப்பு உண்டு. 500 சதுர மீட்டருக்கு (சுமார் 5,382 சதுர அடி) மேற்பட்ட நிலத்தை மனை பிரித்து விற்றாலோ, 8 வீட்டுக்கு மேல் கட்டி விற்றாலோ ரெரா பதிவு வருவதற்கு முன் விளம்பரமே செய்யக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான். ‘ப்ரீ லாஞ்ச், இன்று மட்டும் இந்த விலை’ என்று புரமோட்டர் (மனை பிரித்தோ வீடு கட்டியோ விற்பவர்) அனுப்பும் போஸ்டரை அப்படியே பகிர்வதுதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம். பதிவு எண்ணைக் கேளுங்கள். ரெரா வலைத்தளத்தில் அதைப் போட்டுத் திட்டத்தின் பக்கம் வருகிறதா, சர்வே எண்ணும் மனை எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு பகிருங்கள்.

எந்த இடம், என்ன சொத்து

‘கடலூர், பாண்டி, விழுப்புரம், சென்னை, எல்லா வகை சொத்துகளும்’ என்று எழுதுபவர் யார் மனத்திலும் நிற்பதில்லை. ஒரு பாதையையோ இரண்டு மூன்று நகர்களையோ ஒரு சொத்து வகையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை என்று கடலூர் சாலையை ஒட்டிய மனைகள் ஒரு தனி உலகம். லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் ஜிப்மரைச் சுற்றிய வாடகையும் மறுவிற்பனையும் இன்னொன்று. மஞ்சக்குப்பம், செம்மண்டலம், திருப்பாதிரிப்புலியூரில் பழைய வீடுகளின் மறுவிற்பனை, வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெய்வேலி ஊழியர் தேடும் மனைகள், புதுவை வெள்ளை நகரத்தின் பாரம்பரியக் கட்டடங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் வேறு, கேள்வி வேறு, பத்திரச் சிக்கலும் வேறு.

முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றே போதும். அந்த ஒன்றில் உங்களைத் தவிர யாரும் இவ்வளவு விவரமாகச் சொல்லவில்லை என்ற நிலை வந்த பிறகு அடுத்த ஊருக்குப் போகலாம்.

பெயரையும் இப்போதே தீர்மானியுங்கள். பதிவுச் சான்றில் உள்ள பெயர், கூகுளில் உள்ள பெயர், யூடியூப் சேனல் பெயர், வாட்ஸ்அப் பெயர் எல்லாம் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். தொழிலுக்கென்று தனி சிம் எடுத்து அதே நம்பரை எங்கும் கொடுங்கள். நம்பர் மாறினால் பழைய வீடியோ அத்தனையும் வீண். ஊர்ப் பெயரை மக்கள் பல விதமாகத் தட்டுகிறார்கள்: புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை. அதிகாரப்பூர்வப் பெயர் 2006இல் மாறினாலும் தேடுபவர் கை பழைய பெயருக்கே போகிறது. விவரக் குறிப்பில் எல்லா வடிவங்களையும், தமிழிலும் ஆங்கிலத்திலும், இயல்பான வாக்கியமாக எழுதுங்கள். ஒரே சொல்லைப் பத்து முறை அடுக்கினால் படிப்பவருக்கும் எரிச்சல், தேடுபொறியும் பொருட்படுத்தாது.

எல்லையைச் சொல்பவருக்கே மதிப்பு

இந்தப் பகுதியில் எழுதவும் பேசவும் மிக வளமான விஷயம் எல்லைதான். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பக்கமெல்லாம் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. கோரிமேட்டைத் தாண்டிய பட்டானூர் தமிழ்நாடு. கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. கடலூர் சாலையில் முள்ளோடை வரை புதுச்சேரி, ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். ஆனால் விளம்பரங்களில் எல்லாமே ‘பாண்டிச்சேரி’ என்றுதான் வருகிறது. பின்கோடு 605 என்று தொடங்குவதைக் காட்டி ‘பாண்டிதான்’ என்பார்கள். விழுப்புரம் நகரத்துக்கும் 605தான்.

எந்த அரசு என்பது மாறினால் எல்லாம் மாறுகிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வேறு, வழிகாட்டி மதிப்பு வேறு, மனை அங்கீகாரம் தரும் அலுவலகம் வேறு. தமிழ்நாட்டில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), புதுச்சேரியில் நகரமைப்புக் குழுமம். நில ஆவணமும் அப்படியே. தமிழ்நாட்டுப் பட்டா, சிட்டா, புல வரைபடம் அந்த அரசின் இணையச் சேவையில் கிடைக்கும், வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பார்க்கலாம். புதுச்சேரி நிலத்துக்கு ‘நிலமகள்’ தளத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகவே நீங்கள் இணையத்தில் போடும் ஒவ்வொரு பதிவின் முதல் வரியும் இதுவாக இருக்கட்டும்: எந்த அரசு, எந்த வட்டம், எந்த வருவாய்க் கிராமம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம். உதாரணமாக, ‘தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், பட்டானூர் கிராமம். ஜிப்மர் பக்கத்தில்தான், ஆனால் புதுச்சேரி அல்ல.’ இப்படி எழுதினால் சில அழைப்புகள் குறையும். குறைபவர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கக் கூடியவர்கள். உங்கள் பெட்ரோலும் அவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம்.

நிலையாக இருக்க வேண்டிய ஐந்தாறு விளக்க வீடியோக்களையும் இதிலிருந்தே எடுக்கலாம். எந்த ஊர் எந்த அரசு என்று வரைபடத்தோடு ஒன்று. தமிழ்நாட்டில் அங்கீகாரம் இல்லாத மனை பற்றி ஒன்று: 20.10.2016 என்ற தேதி ஏன் முக்கியம், அந்தத் தேதிக்குள் பதிவான மனைகளுக்கு வரன்முறைப்படுத்தும் திட்டம் என்ன சொன்னது, வரன்முறை ஆணை கையில் இல்லாத மனைக்குப் பதிவிலும் கட்டட அனுமதியிலும் என்ன தடை வரும். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றி ஒன்று கட்டாயம் வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதி வருகிறது, ஆற்று முகத்துவாரமும் உப்பங்கழியும் உள்ள கரைகளுக்கும் வருகிறது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, நல்லவாடு, வீராம்பட்டினம் பக்கம் ‘சீ வியூ’ என்று விற்கப்படும் மனைகளில் எதில் கட்ட அனுமதி கிடைக்கும் என்று மண்டல வரைபடத்தை வைத்துச் சொல்பவர் அரிது. புறம்போக்கு, பஞ்சமி நிலம், கோயில் நிலம், நீர்நிலை ஆகியவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இன்னொன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் உள்ள பழைய மூலப் பத்திரங்களைப் பார்க்கும்போது மொழிபெயர்ப்பும் வாரிசு விவரமும் ஏன் வேண்டும் என்பது மற்றொன்று. இந்த வீடியோவில் வக்கீலைப் பேச வையுங்கள், நீங்கள் கேள்வி கேளுங்கள். சட்டக் கருத்தை ஏஜென்ட் தன் வாயால் சொல்லி, பிறகு அது தவறாகப் போனால் பெயர் கெடுவது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

உரிமையாளரிடம் எழுதி வாங்குவது

கேமராவை எடுப்பதற்கு முன் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வேண்டும். சொத்து விவரம், கேட்கும் விலை, பேசிய கமிஷன், எத்தனை நாளுக்கு (90 நாள் சரியாக இருக்கும்), படம் பிடித்து இணையத்தில் போட அனுமதி, சொத்தின் குறைகளைச் சொல்ல அனுமதி, விற்றுவிட்டால் உடனே தகவல் தருவேன் என்ற உறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். எல்லா உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட்டு, தம்பி கமெண்டில் வந்து ‘இது விற்பனைக்கு இல்லை’ என்று எழுதும் சண்டைகள் நடக்கின்றன. கூட்டுப் பட்டாவாக இருந்தால் இன்னும் கவனம்.

ஆதார், பான், பட்டாவில் உள்ள பெயர்கள், பத்திரத்தின் கையெழுத்துப் பக்கம் எதுவும் வீடியோவில் தெரியக் கூடாது. சர்வே எண்ணைப் பொதுவில் போடுவது பற்றி இரண்டு கருத்து உண்டு. தனியார் மறுவிற்பனைச் சொத்துக்குக் கிராமத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, பேசிய பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்புவதே நல்லது. சர்வே எண் இருந்தால் உரிமையாளரின் விவரம் யாருக்கும் கிடைத்துவிடும், அவருக்கு அது தொந்தரவு. ரெரா திட்டமானால் பதிவு எண்ணும் ரெரா வலைத்தள முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம்.

வீடியோ எடுப்பது

செல்போன் போதும். கூட வாங்க வேண்டியவை: சட்டையில் மாட்டும் மைக், அதற்குப் பஞ்சு உறை (கடற்காற்று இல்லாத நாள் இங்கே குறைவு, உறை இல்லாமல் எடுத்தால் இரைச்சல்தான் கேட்கும்), ஒரு முக்காலி, 50 மீட்டர் டேப், தண்ணீரின் உப்பைப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர், லென்ஸ் துடைக்கத் துணி. கடலோரத்தில் உப்புப் படலம் லென்ஸில் படிந்துவிடும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கு முன்பும் துடைக்காவிட்டால் படம் மங்கலாக வரும்.

காலை 7 முதல் 9 வரை, மாலை 4 முதல் 5:30 வரை வெளிச்சம் நன்றாக இருக்கும். இது கிழக்குக் கடற்கரை என்பதை மறக்க வேண்டாம். கடல் பக்கம் பார்த்து எடுக்கும் காட்சியைக் காலையில் எடுத்தால் எல்லாம் கறுப்பாகத் தெரியும். அதை மாலையில் எடுங்கள்.

அகலக் கோண லென்ஸில், அதாவது போனில் 0.5 என்று இருப்பதில், மனையையோ அறையையோ எடுக்காதீர்கள். 10 அடி அறை 16 அடியாகத் தெரியும். நேரில் வருபவர் வாசலிலேயே ஏமாந்துவிடுவார், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். சாதாரண லென்ஸில் எடுத்து, சுவரிலிருந்து சுவர் வரை டேப் பிடித்துக் காட்டுங்கள்.

ஒரு மனைக்கு 4 முதல் 6 நிமிட வீடியோ சரியான நீளம். முதல் 15 நொடிக்குள் உங்கள் முகம், விலை, அளவு, எந்த அரசு, என்ன அங்கீகாரம் என்று எல்லாம் வந்துவிட வேண்டும். விலையை ‘போன் செய்து கேளுங்கள்’ என்று மறைக்காதீர்கள். அப்படி மறைத்தால் வரும் அழைப்பில் பெரும்பகுதி விலையை மட்டும் கேட்டுவிட்டு வைக்கும் அழைப்பு. அடுத்து, தெரிந்த இடத்திலிருந்து, அதாவது பேருந்து நிறுத்தம், கோயில், பெட்ரோல் பங்க் என்று எதிலிருந்தாவது, மனை வரை வழியை வெட்டாமல் காட்டுங்கள். வண்டியில் போகும்போது எடுத்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ‘நான்கு வழிச்சாலைக்கு அருகில்’ என்று சொன்னால், விழுப்புரம் நாகப்பட்டினம் சாலையில் எங்கே இறங்கி எந்த சர்வீஸ் ரோடு வழியாக எத்தனை கிலோமீட்டர் என்று காட்ட வேண்டும். சாலை கண்ணுக்குத் தெரிவதும் அதிலிருந்து உள்ளே வர முடிவதும் ஒன்றல்ல.

பிறகு நான்கு எல்லைக் கற்களையும் வரிசையாகக் காட்டுங்கள். ஒரு கல் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். சாலையின் அகலத்தை டேப்பில் அளந்து, அங்கீகார வரைபடத்தில் உள்ள அகலத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் 30 அடியும் தரையில் 22 அடியும் இருக்கும் தெருக்கள் உண்டு. அளவைச் சதுர அடியிலும் சென்ட்டிலும் சொல்லுங்கள் (1 சென்ட் 435.6 சதுர அடி). குழிக் கணக்கு பக்கத்துக்குப் பக்கம் மாறுவதால், குழி என்று சொல்லும்போதெல்லாம் சதுர அடியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தகராறு வரும்.

தண்ணீர்தான் இங்கே வாங்குபவர் மனத்தில் முதல் கேள்வி. பக்கத்து வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்து அளவைக் கேமராவில் காட்டுங்கள், போர் எத்தனை அடி ஆழம் என்றும் கேட்டுச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடலை ஒட்டிய தெருக்களில் இரண்டு வீடு தள்ளினாலே அளவு மாறும். இந்த 20 நொடிக் காட்சிக்காகவே உங்கள் வீடியோவைத் தேடி வருவார்கள்.

குறைகளுக்கென்று அரை நிமிடம் ஒதுக்குங்கள். கழிவுநீர்க் கால்வாய் இல்லை, மின்கம்பம் இரண்டு மனை தள்ளி இருக்கிறது, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து சில நாள் வாடை வரும், எதிரில் சுடுகாட்டுப் பாதை என்று இருப்பதை அப்படியே சொல்லுங்கள். விற்பவர் வருத்தப்படுவார் என்பதால்தான் ஒப்புதல் கடிதத்தில் இதற்கு முன்கூட்டியே இடம் வைத்தது.

மழைக்காலத்தில் மறுபடியும் போய் எடுங்கள்

இதைச் செய்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கனமழை ஓய்ந்த மறுநாள், ஒவ்வொரு தெருவாகப் போய் ஒரு நிமிடம் படம் பிடித்து, தேதியோடு போடுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்ததையும், 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும் அதன்பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களைச் சூழ்ந்ததையும் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் எங்கே நின்றது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கம் வடிந்தது என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். சுவரில் தண்ணீர்க் கறை எத்தனை அடியில் இருக்கிறது என்று டேப் வைத்துக் காட்டுங்கள். கெடிலம், தென்பெண்ணைக் கரையோரம், புதுவையில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான இடங்கள், பாகூர்ப் பக்கம் என்று ஒவ்வொரு மழைக்கும் ஒரு தொகுப்பு சேரும். இரண்டு மழைக்காலம் முடிந்தால் அந்தப் பகுதியைப் பற்றி வேறு எவரிடமும் இல்லாத ஆவணம் உங்களிடம் இருக்கும். தண்ணீர் நிற்காத தெருக்களையும் சேர்த்துப் போடுங்கள். நிற்கும் தெருவை மட்டும் காட்டினால் ஊர்க்காரர் கோபம் நியாயமாகிவிடும்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் புதுச்சேரி நகரத்தின் பெரும்பகுதியில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் இடம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கே, எப்படிப் போடுவது

யூடியூப்தான் அடித்தளம். இன்ஸ்டாகிராம் ரீல் நான்கு நாளில் கீழே போய்விடும். யூடியூப் வீடியோவோ இரண்டு வருடம் கழித்தும் தேடலில் வரும். தலைப்பை ‘அருமையான மனை, உடனே அழையுங்கள்’ என்று வைக்காமல், மக்கள் தட்டுவதைப் போல வையுங்கள்: ‘தவளக்குப்பம் புதுச்சேரி, 1,200 சதுர அடி மனை, ரெரா பதிவு உண்டு’. விவரக் குறிப்பின் முதல் இரண்டு வரியில் விலை, நம்பர், பதிவு எண் மூன்றும் இருக்கட்டும். நேரக் குறிப்புகள் போட்டால் பார்ப்பவர் நேராகத் தண்ணீருக்கோ பத்திரத்துக்கோ போய்விடுவார். முதல் குறிப்பு 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்பு வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. முகப்புப் படத்தில் விலையும் ஊரும் மட்டும் பெரிய எழுத்தில், உங்கள் முகம் எப்போதும் ஒரே மூலையில். அதே வீடியோவிலிருந்து தண்ணீர்ப் பகுதியையும் வழிப் பகுதியையும் வெட்டி, நிமிர்ந்த வடிவில் (9:16) ஷார்ட்ஸுக்கும் ரீலுக்கும் கொடுங்கள்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலை அடுத்து திறக்க வேண்டும். அலுவலகம் இல்லாதவர் வீட்டு முகவரியை மறைத்துச் சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம், 20 இடம் வரை சேர்க்கலாம். பெயர்க் கட்டத்தில் உங்கள் தொழில் பெயரைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். ‘பாண்டியின் நம்பர் 1 மனை விற்பனை’ என்று சேர்த்தால் புரொஃபைல் முடக்கப்படலாம். விற்க வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தனி புரொஃபைல் திறப்பதும் விதிமீறல். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டால் தெருப் பெயர்ப் பலகை, அலுவலகக் கதவு, பதிவுச் சான்று, விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் எடுங்கள். பாதியில் நிறுத்தி எடுத்தால் நிராகரிப்பார்கள்.

விமர்சனம் கேட்பதற்கு நல்ல நேரம், கிரயம் முடிந்து பட்டா மாறுதலுக்கு மனு போட்டுக் கொடுத்த நாள். பதிவு நாளில் எல்லோரும் களைத்திருப்பார்கள். பட்டா வேலையையும் கூட இருந்து முடித்துக் கொடுத்தவரை யாரும் மறப்பதில்லை. என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், பணமோ பரிசோ கொடுத்து வாங்காதீர்கள், கூகுள் அதைத் தடை செய்கிறது. மோசமான விமர்சனம் வந்தால் ஒரு நாளுக்குள், வாடிக்கையாளரின் சொந்த விவரம் எதையும் வெளியிடாமல், நடந்ததை மூன்று வரியில் எழுதி, நம்பர் கொடுத்து நிறுத்துங்கள். அடுத்து வருபவர் அந்த விமர்சனத்தைவிட உங்கள் பதிலைத்தான் கவனமாகப் படிப்பார்.

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக்கை நிரப்புங்கள். வருபவரை ‘வாங்குபவர், விற்பவர், வாடகை, வெளிநாடு, முடிந்தது’ என்று லேபிள் போட்டுப் பிரியுங்கள். எப்போதும் கேட்கும் கேள்விகளுக்குக் குறுக்குப் பதில் எழுதி வையுங்கள்: கமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது, கிரயத்துக்கு என்னென்ன ஆவணம், சைட் பார்க்க எந்த நாள். கமிஷனை எழுத்தில் சொல்லத் தயங்குபவரை மக்கள் சந்தேகிக்கிறார்கள், அதில் தவறும் இல்லை. பிராட்காஸ்ட் பட்டியல் உங்கள் நம்பரைச் சேமித்தவருக்கு மட்டுமே போகும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். கேட்காதவர்களைக் குழுவில் சேர்த்தால் வெளியேறும்போது உங்களைப் புகார் செய்துவிட்டுப் போவார்கள், நம்பரே முடங்கும்.

பிரான்ஸில் இருக்கும் புதுவைக்காரர்களுக்கென்று ஞாயிறு பிற்பகல் 2 முதல் 5 வரை வீடியோ அழைப்புக்கு ஒதுக்குங்கள். இங்கே 2 மணி ஆகும்போது அங்கே கோடையில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அவர்களுக்கு இரண்டு விஷயத்தை வீடியோவாகவே போட்டு வைக்கலாம். வெளிநாடு வாழ் இந்தியரும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது என்பது ஒன்று. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தெரியாமல் கடைசி நேரத்தில் கிரயம் நிற்பது உண்டு.

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஓஎல்எக்ஸ் போன்ற தளங்களில் பட்டியல் போடலாம், ஆனால் அங்கே பெயர் உங்களுக்குச் சேராது, தளத்துக்குச் சேரும். கட்டண விளம்பரத்தைப் பத்து வீடியோவாவது சேர்ந்த பிறகு தொடங்குங்கள். விளம்பரத்தைப் பார்ப்பவர் உங்கள் பக்கத்துக்கு வந்தால் அங்கே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.

பெயரைக் கெடுக்கும் பழக்கங்கள்

விற்றுப்போன சொத்தை அப்படியே விட்டு வைப்பதற்குத்தான் முதல் இடம். அதைப் பார்த்து அழைப்பவரிடம் ‘அது போச்சு, வேறு காட்டுகிறேன்’ என்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய தந்திரம் என்று எல்லோருக்கும் தெரியும். விற்ற அன்றே தலைப்பில் ‘விற்றாகிவிட்டது’ என்று சேர்த்து, நம்பருக்கு மேலே தேதியைப் போடுங்கள். வீடியோவை நீக்க வேண்டாம், அது உங்கள் வேலைக்குச் சான்று. உரிமையாளர் நீக்கச் சொன்னால் மட்டும் நீக்குங்கள்.

‘மூன்று வருடத்தில் விலை இரட்டிப்பாகும்’, ‘இங்கே ஏர்போர்ட் வருகிறது’, ‘நூறு சதவீதம் பேங்க் லோன்’ என்பவை அடுத்தவை. ரெரா சட்டத்தின் 10ஆம் பிரிவு ஏஜென்ட் தவறான தகவல் தருவதைத் தடை செய்கிறது. வீடியோவில் சொன்னது எழுத்தில் கொடுத்ததற்குச் சமம். வரப்போகும் திட்டத்தைச் சொல்ல வேண்டுமானால் அரசாணை எண்ணைத் திரையில் காட்டுங்கள், எண் இல்லையென்றால் பேச்சையே எடுக்காதீர்கள். புரமோட்டர் பணம் கொடுத்து எடுக்கும் வீடியோவில் ‘இது கட்டண விளம்பரம்’ என்று தொடக்கத்திலேயே எழுதவும் சொல்லவும் வேண்டும்.

உங்கள் வீடியோவை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நம்பரைப் போட்டுப் பகிர்வார்கள். மூலையில் மட்டும் பெயர் போட்டால் வெட்டிவிடலாம். எனவே பேச்சின் நடுவே ஊரோடு சேர்த்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள், டேப் பிடிக்கும் காட்சியில் நீங்களே இருங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு

வாரம் ஒரு சொத்து வீடியோ, ஒரு விளக்கத் துண்டு, மூன்று ஸ்டேட்டஸ். ஒரு வீடியோவுக்குச் சைட்டில் ஒன்றரை மணி நேரம், வெட்டி ஒட்ட இரண்டு மணி நேரம், ஆவணம் சரிபார்க்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளைக் குறைக்காதீர்கள். வேலை அதிகமான வாரத்தில் வீடியோவை விட்டுவிடலாம், சரிபார்க்காத சொத்தைப் போடக் கூடாது.

பார்வை எண்ணிக்கையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, எந்த வீடியோ பார்த்து வந்தார், எந்த ஊரிலிருந்து, முதல் கேள்வி என்ன, சைட்டுக்கு வந்தாரா, கிரயம் ஆனதா என்று எழுதுங்கள். கணக்கும் ஆவணமும் பராமரிக்க வேண்டும் என்று ஏஜென்டுக்கு ரெரா சட்டம் விதித்திருப்பதால், பரிவர்த்தனை விவரங்களையும் இதே இடத்தில் சேர்த்து வைக்கலாம். மாதக் கடைசியில் ‘முதல் கேள்வி’ பத்தியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். அதில் மூன்று முறைக்கு மேல் வந்த கேள்விக்கு அடுத்த மாதத்தின் விளக்க வீடியோவை எடுங்கள்.